கழற்றப்பட்ட இருக்கைகள்

அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் 2019 அக்டோபரில் சிகாகோவிலிருந்து சிஆர்ஜே-550 என்ற விமானத்தைச் சேவைக்குக் கொண்டுவந்தது. பெயர்தான் புதிது. பொம்பார்டியர் தயாரித்த, 70 பேர் அமரக்கூடிய சிஆர்ஜே-700 ரகம்தான் அது. அதில் 20 இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெட்டி வைக்க அலமாரிகளும், முதல் வகுப்புப் பயணிகள் தாங்களே தின்பண்டம் எடுத்துக்கொள்ள ஒரு மேடையும் அமைத்தார்கள். எஞ்சின் மாறவில்லை, இறக்கை மாறவில்லை. ஓடுதளத்திலிருந்து எழும்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடை மட்டும் ஆவணத்தில் 65,000 பவுண்டாகக் குறைத்து எழுதப்பட்டது.

விற்றுக் காசாக்கக்கூடிய 20 இருக்கைகளை ஒரு நிறுவனம் ஏன் கழற்ற வேண்டும்? யுனைடெட் தன் விமானிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் விடை இருக்கிறது. 70 முதல் 76 இருக்கை வரையிலான ஜெட் விமானங்களை வெளி நிறுவனங்களைக் கொண்டு ஓட்டலாம். ஆனால் மொத்தம் 255-க்கு மேல் கூடாது என்கிறது அந்த ஒப்பந்தம். எண்ணிக்கை நிரம்பிவிட்டது. விமானம் 50 இருக்கைக்குள் இருந்தால் அது வேறு கணக்கில் போகும். அதனால் விமானத்தையே 50 ஆக்கினார்கள்.

ஸ்கோப் ஷரத்து எனப்படும் இந்த வரம்பைத் தெரிந்துகொள்ளாமல் அமெரிக்காவில் ஒரு விமானிக்கு எப்போது வேலை கிடைக்கிறது, என்ன சம்பளம் கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது. கடந்த 30 ஆண்டுகளில் அந்நாட்டின் சிற்றூர்களுக்கு ஜெட் விமானம் போனது ஏன், இப்போது அது நிற்பது ஏன் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது.

டெல்டா, அமெரிக்கன், யுனைடெட் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களில் டிக்கெட் எடுப்பவர், குறைந்த தூரப் பயணமென்றால், பல சமயம் ஏறி உட்காருவது வேறொரு நிறுவனத்தின் விமானத்தில். வாலில் பெரிய நிறுவனத்தின் சின்னம் இருக்கும். விமானியின் சம்பளச் சீட்டில் ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய், கோஜெட் என்று இன்னொரு பெயர் இருக்கும். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, என்ன விலைக்கு என்பதையெல்லாம் பெரிய நிறுவனமே முடிவு செய்கிறது. எரிபொருள் செலவும் பெரும்பாலும் அதனுடையது. பிராந்திய நிறுவனத்துக்கு ஒரு புறப்பாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒப்பந்தக் காலம் முடிந்தால் குறைந்த விலை கேட்பவருக்கு அந்த வேலை போய்விடும். விமானத்தின் விலை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எரிபொருளோ கணக்கிலேயே இல்லை. விலையைக் குறைத்துக் காட்ட மிஞ்சுவது ஆட்களின் சம்பளம்தான்.

இந்த ஏற்பாட்டின் வேர் ஜெட் காலத்துக்கும் முந்தையது. 1934-இல் அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் வாரியம் விமானிகளின் ஊதியம் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்றது. ஊதியத்தில் விமானத்தின் வேகத்துக்கும் பங்கு உண்டு என்றது. பின்னர் எடையும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. பெரிய, வேகமான விமானம் அதிகம் சம்பாதித்துத் தருகிறது, அதை ஓட்டுபவருக்கும் அதில் பங்கு வேண்டும் என்பது அன்று சங்கம் போராடிப் பெற்ற நியாயம். அதே நியாயம் மறுபக்கத்தில், சிறிய விமானம் ஓட்டுபவருக்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்ற வழக்கத்தையும் நிலைநிறுத்திவிட்டது. 50 பேரைப் பனிப்புயலில் இறக்குவதற்கும் 180 பேரை இறக்குவதற்கும் வேண்டிய திறமை ஒன்றுதான். ஆனால் சம்பளப் பட்டியல் திறமையை அளக்கவில்லை.

1978-இல் விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியதும் சம்பளத்தைக் குறைக்கும் போட்டி தொடங்கியது. ராபர்ட் கிராண்டல் தலைமையில் இருந்த அமெரிக்கன் நிறுவனம் 1983-இல் பி-ஸ்கேல் என்ற முறையைக் கொண்டுவந்தது: ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்குப் பழைய சம்பளம், புதிதாகச் சேருபவர்களுக்குத் தனியே ஒரு குறைந்த சம்பளம். ஒரே விமானி அறையில், ஒரே வேலைக்கு இரண்டு விகிதங்கள். புதியவர்களின் எண்ணிக்கை பெருகியதும் சங்கத்துக்குள் அவர்கள் வாக்கு வலுவானது; அந்த முறை நிலைக்கவில்லை. நிர்வாகங்கள் கற்ற பாடம் இதுதான்: குறைந்த சம்பளக்காரர்களை நிறுவனத்துக்குள் வைத்தால் ஒருநாள் வாக்களித்துச் சம உரிமை கேட்பார்கள். வெளியே வைத்தால் கேட்க முடியாது.

அதற்குத் தோதான விமானம் 1990-களில் வந்தது. கனடாவின் பொம்பார்டியர் தயாரித்த 50 இருக்கை ஜெட்டை 1993-இல் கோமேர் நிறுவனம் அமெரிக்காவில் இயக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனமும் இஆர்ஜே-145 விமானத்தோடு வந்தது. அதுவரை பிராந்திய நிறுவனங்களிடம் இருந்தவை பெரும்பாலும் புரொபெல்லர் விமானங்கள். அவற்றைப் பெரிய நிறுவனங்களின் விமானிகள் பொருட்படுத்தியதில்லை. ஜெட் வந்ததும் நிலைமை மாறியது. 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு முக்கியக் காரணம் அந்தச் சிறிய ஜெட்களை யார் ஓட்டுவது என்ற கேள்வி. நள்ளிரவில் தொடங்கிய வேலைநிறுத்தத்தைச் சில நிமிடங்களிலேயே அதிபர் கிளிண்டன் தலையிட்டு நிறுத்தினார். ஜெட்கள் பிராந்திய நிறுவனத்துக்கே போயின.

அன்று மூத்த விமானிகள் இன்னும் உறுதியாக நின்றிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அவர்கள் விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. பணிமூப்பு மிக்க ஒரு கேப்டன் 50 இருக்கை ஜெட்டை ஒருநாளும் ஓட்டப் போவதில்லை. அதைப் பாதுகாத்துக் கொடுத்தால் பயன் இன்னும் பணியில் சேராத ஒருவருக்கு. விட்டுக்கொடுத்தால் தன் சம்பளத்தில் உடனே உயர்வு. பேச்சுவார்த்தை மேசையில் இல்லாதவரின் பங்கை விற்பது எந்தச் சங்கத்துக்கும் எளிது. இங்கே அந்தப் பங்கு ஆண்டுக்காண்டு விற்கப்பட்டது.

விற்பனையைத் துரிதப்படுத்தியது 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய சரிவு. யுனைடெட் 2002-இல் திவால் பாதுகாப்பு கோரியது. யுஎஸ் ஏர்வேஸ் இரண்டு முறை கோரியது. டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் 2005-இல் ஒரே நாளில் நீதிமன்றம் போயின. டெல்டா விமானிகள் 2004-இல் 32.5 சதவீதச் சம்பளக் குறைப்பை ஏற்றார்கள். யுனைடெட் தன் ஓய்வூதியத் திட்டத்தையே கைவிட்டது. கையில் வேறு எதுவும் மிஞ்சாதபோது சங்கங்கள் கொடுத்தது ஸ்கோப் எல்லையை. 50 இருக்கை 70 ஆனது, 70 பின்னர் 76 ஆனது. எடைக்கு 86,000 பவுண்டு, அதாவது சுமார் 39 டன் என்று வரம்பு வந்தது. ஒரு கட்டத்தில் அமெரிக்க உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறத்தாழ பாதியைப் பிராந்திய நிறுவனங்களே இயக்கின. யுஎஸ் ஏர்வேஸில் ஆட்குறைப்புக்கு ஆளானவர்களுக்குச் சிறிய ஜெட்களில் குறைந்த சம்பளத்தில் இடம் தரும் ஏற்பாடு வந்தது. போயிங்கை ஓட்டியவர்கள் அதை ஏற்றார்கள்; வேறு வழி இல்லை.

வேலைக்குச் சேரும் வாசலும் அடைபட்டது. பெரிய நிறுவனங்கள் பத்தாண்டுகளுக்கு மேலாகப் புதியவர்களை அதிகம் எடுக்கவில்லை. 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60-இலிருந்து 65 ஆனதும் மேலே இருந்தவர்கள் இன்னும் ஐந்து ஆண்டுகள் தங்கினார்கள். கீழே இருந்த துணை விமானி வேறு பிராந்திய நிறுவனத்துக்கும் தாவ முடியாது. அமெரிக்க விமானத்துறையில் நிறுவனம் மாறினால் பணிமூப்பு போய்விடும், பட்டியலின் கடைசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பயிற்சிக்கு வாங்கிய கடனோடு அவர் காத்திருந்தார். 2014-இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ வெளியிட்ட அறிக்கையின்படி, பிராந்திய நிறுவனத்தில் சேரும் துணை விமானியின் சராசரித் தொடக்க ஊதியம் ஆண்டுக்குச் சுமார் 22,400 டாலர். சம்பளக் கடிகாரம் ஓடுவது பெரும்பாலும் விமானம் நகரும் நேரத்துக்கு மட்டும்தான். விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரமும், விமானத்தைச் சோதித்துப் பார்க்கும் நேரமும் அதில் சேராது.

எதிர்த்தவர்களும் உண்டு. டெல்டாவுக்குச் சொந்தமாகிவிட்ட கோமேரின் விமானிகள் 2001 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்து 89 நாட்கள் உறுதியாக நின்றார்கள். நல்ல ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு கோமேர் விலை கூடுதலான நிறுவனம் என்று பெயரெடுத்தது. அதன் விமானங்கள் குறைந்துகொண்டே போயின. 2012 செப்டம்பரில் நிறுவனமே மூடப்பட்டது. சம்பளம் கேட்டால் வேலை பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடும் என்பதை மற்ற எல்லாப் பிராந்திய விமானிகளும் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

2009-ஆம் ஆண்டின் முதல் சில வாரங்கள் இந்த முழுக் கதையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. ஜனவரி 15 அன்று யுஎஸ் ஏர்வேஸ் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார் கேப்டன் சல்லி சல்லன்பர்கர். பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மீது விழுந்து, வீட்டில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். பிப்ரவரி 24 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்த சல்லன்பர்கர், தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும், ஓய்வூதியம் பறிபோனதையும், திறமையான இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குவதையும் சொன்னார்.

பஃபலோவில் விழுந்தது கான்டினென்டல் பெயரில் பறந்த விமானம். கான்டினென்டல் விமானிகளின் ஒப்பந்தம், 50 இருக்கைக்கு மேற்பட்ட ஜெட்டை வெளி நிறுவனம் இயக்கக் கூடாது என்று தடுத்திருந்தது. புரொபெல்லர் விமானத்துக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் 74 இருக்கை கொண்ட கியூ400 விமானத்தைக் கோல்கன் ஏர் நெவார்க்கிலிருந்து இயக்கிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைக் கருவி அதிர்ந்தபோது கேப்டன் செய்த தவறான செயலே விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை அமைப்பு. துணை விமானியின் சம்பளம் ஆண்டுக்கு 16,000 டாலர் அளவில் இருந்ததாக விசாரணையில் பேசப்பட்டது. நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் ஒட்டிக்கொண்டு வந்து அவர் பணிக்குச் சேர்ந்திருந்தார். விமானிகளின் களைப்பு எந்த அளவுக்குப் பங்களித்தது என்று அறுதியிட முடியவில்லை என விசாரணை சொன்னது. பணியிடத்துக்கு அருகே ஒரு அறை வாடகைக்கு எடுக்க முடியாத சம்பளத்தை மட்டும் அறுதியிட்டுச் சொல்ல முடிந்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனுக்கு ஓயாமல் நடந்ததன் பலன் 2010-இன் பாதுகாப்புச் சட்டம். முன்பு 250 மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தால் துணை விமானியாகலாம்; 2013 முதல் 1,500 மணி நேரம் வேண்டும். ராணுவ விமானிகளுக்கும் விமானப் படிப்புப் பட்டதாரிகளுக்கும் ஓரளவு சலுகை உண்டு. பஃபலோ விமானத்தின் இருவருமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள்தான் என்பதைச் சட்டத்தின் எதிர்ப்பாளர்கள் இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். தகவல் சரிதான். ஆனாலும் அந்தக் குடும்பங்கள் அமெரிக்க வானத்துக்குப் பெரும் நன்மை செய்திருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். விமானிகளுக்குப் போதிய ஓய்வு தரும் விதிகளும் அவர்களால்தான் வந்தன. மேலும், எந்தச் சங்கமும் செய்ய முடியாததை அந்தச் சட்டம் மறைமுகமாகச் செய்தது. தொழிலுக்குள் நுழையும் செலவைக் கூட்டியது. மலிவான ஆள் கிடைப்பது நின்றது.

அப்போது நிறுவனங்கள் முதலில் செய்தது என்ன? மறுபடியும் இருக்கைகளைக் கழற்றினார்கள். வயோமிங் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் நிறுவனம் தன் 19 இருக்கை விமானங்களை 9 இருக்கையாக்கியது. 9 என்றால் 1,500 மணி விதி பொருந்தாது. அப்படியும் தாங்காமல் 2018 மார்ச்சில் பறப்பதை நிறுத்தியது. ஸ்கைவெஸ்ட் 2022-இல் 50 இருக்கை ஜெட்டை 30 இருக்கையாக்கி, தனி நிறுவனத்தின் பெயரில், தளர்ந்த விதிகளின் கீழ் இயக்க அனுமதி கேட்டது. யுனைடெட் இருக்கையைக் கழற்றியது சங்க ஒப்பந்தத்தைச் சுற்றிப்போக. இவர்கள் கழற்றியது பாதுகாப்புச் சட்டத்தைச் சுற்றிப்போக.

பெருந்தொற்று வந்து எல்லாவற்றையும் உடைத்தது. 2020-இல் பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து மூத்த விமானிகளை வீட்டுக்கு அனுப்பின. ஓராண்டுக்குள் பயணிகள் திரும்பினார்கள், விமானிகள் இல்லை. பெரிய நிறுவனங்கள் பிராந்திய நிறுவனங்களின் கேப்டன்களை அள்ளிக்கொண்டன. துணை விமானியாக 1,000 மணி நேரம் பறக்காமல் ஒருவரைக் கேப்டனாக்க முடியாது என்பதால் காலியான கேப்டன் இருக்கையை நிரப்ப ஆளில்லை. நூற்றுக்கணக்கான சிறிய ஜெட்கள் தரையில் நின்றன. 2022 ஜூனில் அமெரிக்கனின் துணை நிறுவனங்களான என்வாயும் பீட்மான்ட்டும் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. கேப்டனுக்கு 146 டாலர். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 20 டாலர் சொச்சத்தில் தொடங்கியவர்கள் இருந்த வேலை அது. அடுத்த ஆண்டே பெரிய நிறுவனங்களின் முறை: டெல்டா நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு, அமெரிக்கனும் யுனைடெட்டும் 40 சதவீதத்தை ஒட்டி.

சம்பளம் உயர்ந்ததும் 50 இருக்கை ஜெட்டின் பொருளாதாரம் குலைந்தது. 2022 மார்ச்சில், அரசு மானியம் பெறும் 29 ஊர்களிலிருந்து விலகுவதாக ஸ்கைவெஸ்ட் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கன் நிறுவனம் டுபியூக், டொலிடோ, இத்தாக்கா, ஐஸ்லிப் ஆகிய ஊர்களை விட்டுப்போனது. விமானிப் பற்றாக்குறை என்று காரணம் சொன்னார்கள். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு சிற்றூருக்கு நாளைக்கு மூன்று முறை ஜெட் வந்துபோனதற்கு இத்தனை ஆண்டுகளாக மானியம் கொடுத்தது அதை ஓட்டிய இளம் விமானிதான். தன் வாடகையிலிருந்தும், தன் கல்விக் கடன் தவணையிலிருந்தும், தன் தூக்கத்திலிருந்தும் கொடுத்தார். அவர் கொடுப்பதை நிறுத்தியதும் விமானம் நின்றுவிட்டது.

சிற்றூர்களுக்கு விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்கு அது தேவை. 1978 சட்டமே அதற்கென்று ஒரு மானியத் திட்டத்தை ஏற்படுத்தியது. இன்றும் அது நடக்கிறது. அந்தச் செலவை நாடு வெளிப்படையாக வரிப்பணத்திலிருந்து ஏற்பதே முறை. சம்பளப் பட்டியலின் கடைசியில் இருப்பவரிடமிருந்து வசூலிப்பது முறையல்ல.

ஸ்கோப் ஷரத்தைக் குறை சொல்பவர்களின் வலுவான வாதம் வேறொன்று. எம்ப்ரேயரின் புதிய இ175-இ2 விமானம் எரிபொருளைக் கணிசமாக மிச்சப்படுத்தக் கூடியது. புதிய எஞ்சின்கள் கனமானவை என்பதால் அதன் எடை 44 டன்னைத் தாண்டுகிறது. 39 டன் வரம்பு அதை அமெரிக்கப் பிராந்திய நிறுவனங்களுக்குள் விடவில்லை. 2019 டிசம்பரிலேயே முதலில் பறந்த அந்த விமானத்தின் திட்டம் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் பழைய எஞ்சின் கொண்ட இ175-ஐயே தொடர்ந்து வாங்குகின்றன. ஜப்பானின் மிட்சுபிஷி இந்த வரம்பு தளரும் என்று நம்பியே தன் பிராந்திய ஜெட்டின் முதல் ரகத்தைக் கனமாக வடிவமைத்தது. தளரவில்லை. தரச்சான்று பெறுவதில் வந்த தாமதங்களும் சேர்ந்துகொள்ள, 2023 பிப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இருக்கை எண்ணிக்கை மாறாமல் எடையை மட்டும் தளர்த்தினால் யாருடைய வேலையும் போகாதே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே, காற்றை மாசுபடுத்தும் பழைய எஞ்சினை ஒரு ஒப்பந்த வரி காப்பாற்றுவது எனக்கும் உவப்பாக இல்லை. ஆனால் 50 எப்படி 70 ஆனது, 70 எப்படி 76 ஆனது என்று பார்த்த விமானிகளின் அச்சத்தை நான் புறக்கணிக்க மாட்டேன். 76 இருக்கையோடு வரும் கனமான விமானம் நாளை 88 இருக்கையோடு பறக்கும் என்று அவர்கள் நினைப்பதற்கு அவர்களுடைய சொந்த வரலாறே காரணம்.

எடை வரம்பைத் தளர்த்த நேர்மையான வழி ஒன்று உண்டு. அந்த விமானத்தைப் பெரிய நிறுவனமே தன் விமானிகளைக் கொண்டு ஓட்டலாம். தன் விமானிகளே ஓட்டும் விமானத்துக்கு எந்த ஸ்கோப் வரம்பும் கிடையாது. இது நடக்காத காரியமும் அன்று. ஜெட்புளூ நிறுவனம் 2005 முதல் 100 இருக்கை எம்ப்ரேயரைத் தன் சொந்த விமானிகளைக் கொண்டே இயக்கியது. டெல்டா 2012 ஒப்பந்தத்தில் 50 இருக்கை ஜெட்களைப் பெருமளவு குறைத்துக்கொண்டு, 88 போயிங்-717 விமானங்களைத் தன் விமானிகளிடம் கொடுத்தது; பின்னர் 109 இருக்கை ஏ220 விமானத்தையும் அவர்களே ஓட்டுகிறார்கள். அதே 2012 ஒப்பந்தம் வெளி நிறுவனங்களின் 76 இருக்கை விமானங்களை 153-இலிருந்து 223 ஆக உயரவும் அனுமதித்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. பேரத்தில் லாபம் பட்டியலுக்குள் இருந்தவர்களுக்கு. வெளியே இருந்தவர்களின் சம்பளத்துக்கு அதில் இடம் இல்லை.

2022-இன் சம்பள உயர்வை நம்பி இருந்துவிடவும் முடியாது. போயிங் விமானங்கள் வந்துசேரத் தாமதமானதும் 2024-இல் யுனைடெட் சில காலம் புதிய விமானிகளை எடுப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்பிரிட் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் விமானிகள் பலர் வேலை இழந்தார்கள். மேலே வாசல் மூடினால் கீழே பேரம் பேசும் வலு குறையும், புறப்பாட்டுக்கு இவ்வளவு என்ற ஏலம் பழையபடி சம்பளத்தைக் கீழே இழுக்கும்.

டெல்டா விமானிகளின் ஒப்பந்தம் 2026 டிசம்பர் இறுதியில் திருத்தத்துக்கு வருகிறது; அமெரிக்கன், யுனைடெட் ஒப்பந்தங்களின் முறை 2027-இல். 1931-இல் தொடங்கிய விமானிகள் சங்கமான ஆல்பா, டெல்டா, யுனைடெட் விமானிகளுக்கும் பல பிராந்திய நிறுவனங்களின் விமானிகளுக்கும் சேர்த்தே பிரதிநிதி. இரு தரப்பிடமும் சந்தா வாங்கும் அந்தச் சங்கம், 76 இருக்கை விமானங்களை ஓட்டுபவர்களைப் படிப்படியாகப் பெரிய நிறுவனத்தின் பணிமூப்புப் பட்டியலில் சேர்ப்பதை ஆண்டுவாரியான அட்டவணையோடு முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும். பிராந்திய நிறுவனத்தில் பறந்த ஆண்டுகளும் அந்தப் பட்டியலில் கணக்கில் வர வேண்டும். அதற்காக மூத்த கேப்டன்கள் தங்கள் உயர்வில் ஒரு சதவீதத்தையோ இரண்டையோ விட்டுக்கொடுக்க நேரலாம். 34-ம் 40-ம் பெற்றவர்களிடம் அதைக் கேட்கலாம்.